தர்சினியின் தண்ணியில் இரண்டு பாகை

என்ர குஞ்சு, என்ர ராசாத்தி தர்சினிக்கு,

ஆனி முடியப்போகுது. வாற ஆடியில நீ போய் ஒரு வருசம், உனக்கு ஆட்டைத் திவசம். கொம்மா, என்ர அக்கா, இரண்டாவது நினைவுமலர் ஒண்டு அடிக்கிறா. "நீயும் ஒரு பக்கம் எழுது தம்பி, ஆனால் இந்தமுறை கவனமா எழுது" எண்டு சொல்லி, உன்ர கொப்பியின்ர கடைசியில கிடந்த வெறுந்தாளில நாலைக் கிழிச்சுத் தந்தவா. ஏன் கவனம் எண்டு சொன்னவா எண்டு மலரை வாசிக்கிற ஆக்களுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். எனக்கு முன்னமே நீ தெரிஞ்சு வைச்சிருந்தனி.

என்னைத் தெரியாத ஆக்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு வாறன். நான் இவளின்ர தாய்மாமன். தர்மபுரத்தில அக்கா வீட்டு வேலிக்கு அங்கால இருக்கிறன். ஒன்பதாம் வகுப்போட பள்ளிக்கூடம் என்னை விட்டிட்டுது, நான் அதை விடேல்லை. கையில இருக்கிறது ஒரு உழவு மிசின். மூண்டு இடப்பெயர்வு கண்ட மிசின். ஒருக்கால் பரந்தன் பக்கம் சேத்தில புதைஞ்சு கிடந்த பெரிய லொறியை, சாமானோட, ஒற்றை இழுவையில வெளிய எடுத்தது.

நீ இருந்தால் இந்த இடத்தில குறுக்கிட்டிருப்பாய். போனமுறை சொல்லேக்க அது வான் எல்லே மாமா எண்டு கேட்டிருப்பாய். ஓம் குஞ்சு, வான்தான். வெறும் வான்.

பார், இப்ப நானே சொல்லிப்போட்டன். ஒரு வருசமா என்ர கதையைத் திருத்த ஆளில்லாமல் நான் என்னவெல்லாம் சொல்லித் திரியிறன் எண்டு உனக்குத் தெரியாது. ஆரும் மறுத்துக் கதைக்கினமில்லை. தலையாட்டுகினம். அது எனக்கு விருப்பம் எண்டு நினைச்சிருந்தன், இல்லை.

நீ படிச்ச கம்பஸில இருந்து முதல்முதல் அந்த வெள்ளைத் தண்ணிப் போத்தலோட வந்த நாள் ஞாபகம் இருக்கோ? போனவருசம் சித்திரை. சிறுபோக உழவு. வெயில் ஏறி பதினொரு மணியானால் என்ர மிசின் கொதிச்சு, றேடியேற்றர் மூடியைத் தள்ளிக்கொண்டு ஆவி கிளம்பும். பாதி வயலில நிப்பாட்டிப்போட்டு மரநிழலுக்குப் போகவேண்டியதுதான். நீ பையை இறக்கி வைக்க முதலே கேட்டனி, மாமா, உங்கட மிசினுக்கு நான் ஒரு தண்ணி தரட்டோ எண்டு.

பார்த்தால் பால் கலந்த தண்ணி மாதிரி. நீ வரம்பில குந்தியிருந்து எனக்கு விளங்கப்படுத்தினனி. தண்ணியை விட உலோகச் சாமான் சூட்டைக் கெதியாக் கடத்தும். ஆனால் உலோகத்துண்டைத் தண்ணியில போட்டால் அடியில போய்க் கிடக்கும், குழாயை அடைக்கும். அதால ஒரு வெள்ளைப் பொடி, அலுமினிய ஒக்சைட்டு. ஒரு தலைமயிரின்ர தடிப்பை ஆயிரம் பங்காப் பிரிச்சால் வாற ஒரு பங்கு அளவு. அவ்வளவு சின்னனாய் இருந்தால் தண்ணியோட தண்ணியா மிதந்து ஓடும். என்ஜினில சூட்டை வாங்கும், றேடியேற்றரில குடுக்கும். இதுக்குப் பேர் நானோ. நான் அண்டைக்குப் பின்னேரமே நடேசண்ணையின்ர தேத்தண்ணிக்கடையில லட்சம் பங்கு எண்டு சொல்லிப்போட்டன். ஒவ்வொரு துகளும் கோயில் திருவிழாவில தண்ணிக்குடம் சுமக்கிற தொண்டன் மாதிரி, வரிசையில நிண்டு சூட்டைக் கைமாத்தும் எண்டும் சொன்னன். நீ அதைக் கேட்டு வாய்விட்டுச் சிரிச்சு, லட்சம் பிழை, தொண்டன் பரவாயில்லை எண்டு சொன்னனி. அந்தப் பரவாயில்லையை நான் இண்டுவரைக்கும் சட்டைப்பையில வைச்சிருக்கிறன்.

பெரிசா எதிர்பார்க்காதையுங்கோ எண்டும் சொன்னனி. ஒரு சில பாகை குறைஞ்சாலே காணுமாம். கம்பஸில சின்னக் குழாயில பார்த்தாச்சு, இனி வன்னி வெயிலில, புழுதியில, உண்மையான மிசினில பார்க்கவேணும் எண்டனி. அதுக்கு என்ர மிசின்தான் வேணும் எண்டனி. என்ர மிசின்! அண்டைக்கு நான் தரையில நடக்கேல்லை.

இரண்டு சட்டம் போட்டனி. ஒண்டு, பற்றறிக்கு விடுற தண்ணியைத் தவிர வேறை ஒரு சொட்டும் றேடியேற்றருக்குள்ள போகக்கூடாது. எங்கட குசினிக்க கூட்டிக்கொண்டுபோய்க் கேத்தல் மூடியைத் திறந்து காட்டினனி. உள்ளுக்க முழுக்கச் சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளைப்படை. எங்கட கிணத்துத் தண்ணி இதுதான் மாமா, இதில இருக்கிற உப்புப் பட்டால் துகளெல்லாம் ஒண்டோட ஒண்டு ஒட்டித் தயிராப் போயிடும் எண்டனி. இரண்டாவது சட்டம், மணித்தியாலத்துக்கு ஒருக்கால் மிசினை நிப்பாட்டி, மேல்குழாயிலயும் கீழ்க்குழாயிலயும் வெப்பமானி காட்டுறதைக் கொப்பியில எழுதவேணும்.

பிறகு என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு ஒண்டு சொன்னனி. "பிழை எண்டால் பிழையெண்டே எழுதுங்கோ மாமா. எனக்குப் பிழையும் வேணும்."

பிழை ஆருக்காவது வேணுமோ? எனக்கு அப்ப விளங்கேல்லை. நீ நல்ல செய்தி கேட்டால் முகம் எப்பிடி மலரும் எண்டு மட்டும்தான் எனக்குத் தெரியும். நான் அதுக்காகத்தான் எழுதினனான்.

முதல் கிழமை பச்சைத் தண்ணி, பொடி கலக்காத வெறும் பற்றறித் தண்ணி, அது ஒழுங்கு. இரண்டாம் கிழமை உன்ர தண்ணி. நீ கம்பஸுக்குப் போயிட்டாய். மூண்டாம் நாள் நடேசண்ணையின்ர வயல். அண்டைக்குத்தான் அவருக்கு வாய்க்கால் தண்ணி முறை. பொழுதுபட முதல் உழுது முடிக்காட்டித் தண்ணி அடுத்த வயலுக்குத் திரும்பிவிடும். பத்து மணிபோல பார்க்கிறன், றேடியேற்றர் றபர் குழாயில கிளிப் தளர்ந்து சொட்டுச் சொட்டா ஒழுகுது. நீ தந்த பற்றறித் தண்ணிக் கான் வீட்டில. போய்வர முக்கால் மணித்தியாலம். வரம்பில நடேசண்ணையும் இன்னும் இரண்டு பேரும் நிக்கினம். அவைக்கு நான் முதல்நாள்தான் சொன்னனான், இனி என்ர மிசின் நிக்காது, மருமகளின்ர தண்ணி உள்ளுக்க ஓடுது எண்டு.

எப்பிடிக் குஞ்சு நிப்பாட்டுறது? வயல் கிணத்தில ஒரு வாளி அள்ளினன். ஊத்தினன்.

மிசின் ஓடிச்சுது. வரம்பில நிண்ட ஆக்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டினவை.

அண்டைக்கு மட்டுமில்லை, அதுக்குப் பிறகும் நான் மணித்தியாலத்துக்கு ஒருக்கால் நிப்பாட்டேல்லை. நிக்காத மிசின் எண்டு சொல்லிப்போட்டு எப்பிடி நிப்பாட்டுறது? பின்னேரம் வீட்டை வந்து, கதிரையில சாஞ்சு, தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு கொப்பியை நிரப்பினன். நல்ல எண்ணாப் பார்த்துப் போட்டன். இன்னும் கொஞ்சம் நல்லா இருக்கட்டும் எண்டு இன்னும் கொஞ்சம் குறைச்சன்.

நீ வந்து கொப்பியைப் பார்த்தனி. கனநேரம் பார்த்தனி. அந்தக் கிழமை நிழலிலயே முப்பத்திநாலு பாகை வெயில். கீழ்க்குழாய்க்கு நான் எழுதி வைச்சிருந்தது இருபத்தெட்டு. காத்தாலதானே மாமா றேடியேற்றர் குளிருது, காத்தை விட அது எப்பிடிக் குளிரும் எண்டு மெல்லக் கேட்டனி. அங்கதான் உன்ர நானோவின்ர பவர் எண்டன். பிள்ளையார் மேல சத்தியமும் பண்ணினன்.

பிறகு கீழ ஒரு பேசினை வைச்சு றேடியேற்றரைத் திறந்துவிட்டனி. தண்ணி தெளிவா வந்துது. அதுக்குப் பின்னால வெள்ளைக் கட்டி, திரைஞ்ச பால் மாதிரி. நீ அதை இரண்டு விரலால எடுத்துத் தேய்ச்சுப் பார்த்துக்கொண்டு சொன்னதை நான் எப்பிடி மறப்பன்?

"எங்கயோ என்ர கை பிழைச்சிட்டுது மாமா."

நான் பக்கத்தில நிண்டனான். வாய் நிறையக் கதை வைச்சிருக்கிற மனிசன், ஒரு சொல்லுச் சொல்லேல்லை. நீ பிழையாப் போனதைக் கொப்பியில எழுதிப்போட்டு பஸ் ஏறினனி. மிஞ்சியிருந்த ஒரே ஒரு போத்தலை என்னட்டைத் தந்து, சும்மா விட்டால் அடியில அடையும், இடைக்கிடை குலுக்கிவிடுங்கோ எண்டு சொன்னனி. அதில உன்ர கையெழுத்தில "மாமாவின் மிசினுக்கு" எண்டு ஒட்டியிருந்தது.

ஆடியில டெங்கு எண்டு போன் வந்துது. நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரேக்க நீ ஆக்களை மட்டுக்கட்டி ஆரெண்டு சொல்லுற நிலையில இல்லை. நான் கட்டிலுக்குப் பக்கத்தில நிண்டு லொறிக்கதை சொன்னனான். லொறி எண்டே சொன்னனான். நீ வான் எண்டு திருத்தேல்லை.

உன்ர முப்பத்தோராம் நாளுக்கு அடிச்ச முதல் மலரில நான் எழுதினதை ஊரே வாசிச்சது. என் மருமகள் கண்டுபிடித்த நீரை ஊற்றினால் இயந்திரம் பகல் முழுக்க ஓடினாலும் சூடாகாது, அதை என் கையால் பரீட்சித்தேன் எண்டு எழுதினன். நல்ல தமிழில எழுதினன். ஆக்கள் அழுதவை. அச்சில வந்திட்டால் அது உண்மையாப் போயிடும் எண்டு நானும் நினைச்சன்.

அந்த மலர் உன்ர மிஸ்ஸிட்டயும் போயிருக்கு. கம்பஸில உன்ர ஆராய்ச்சியை மேற்பார்த்த மிஸ். இந்த மாசியில அவா தேடிக்கொண்டு கொம்மா வீட்டை வந்தவா. உன்ர வேலையை முடிச்சு உன்ர பேரிலயே வெளியிடப் பார்க்கினமாம். வயலில செய்த பகுதி பிழைச்சதா நீ தனக்குக் குடுத்த குறிப்பில இருக்காம், அதால அதை விட்டிடுவம் எண்டு இருந்தவையாம். மலரில பார்த்தால் வேறை மாதிரி இருக்கு, எது சரி ஐயா எண்டு கேட்டா.

கொம்மா எனக்கு முன்னமே மறுமொழி சொல்லிப்போட்டா. தம்பி எல்லாம் ஒழுங்கா எழுதினவன், மிஸ், எண்டா. மிஸ் என்னைப் பார்த்து, வேறை தண்ணி ஏதும் ஊத்தினீங்களோ எண்டு கேட்டா. இல்லை எண்டன். அது எவ்வளவு லேசா வந்துது எண்டு உனக்குச் சொல்ல வெக்கமாக் கிடக்கு.

உன்ர சாமானோட கம்பஸில இருந்து திரும்பி வந்த கொப்பியைக் கொம்மா அலுமாரிக்குள்ள இருந்து எடுத்து வந்தா. நீ போனதுக்குப் பிறகு அவா அதைத் திறந்ததில்லை. மிஸ் ஒவ்வொரு தாளாப் புரட்டினவா, ஒரு இடத்தில நிண்டிட்டா. வாசிச்சா. பிறகு அந்த இடத்தில விரலை வைச்சபடி கொப்பியை என்ர மடியில வைச்சா.

பென்சிலால எழுதியிருந்தனி. "மாமாவின் எண்கள். கிணற்றுத் தண்ணீர்? வீட்டுக்குப் போகும்போது கேட்க வேண்டும். ஆட்களுக்கு முன்னால் கேட்கக் கூடாது."

அவ்வளவுதான். நாலு வரி.

நீ என்னட்டைக் கேக்க வர இருந்தனி. நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேணும், எனக்குத் தெரியாமல் போச்சு. அடுத்த முறை வரேக்க, ஆக்கள் இல்லாத நேரமாப் பார்த்து, மிசினுக்குப் பக்கத்தில குந்திக்கொண்டு, உண்மையைச் சொல்லுங்கோ மாமா எண்டு கேட்டிருப்பாய். நான் இரண்டுமுறை மறுத்திருப்பன். மூண்டாம்முறை சொல்லியிருப்பன். நீ சிரிச்சிருப்பாய். சிரிச்சிருப்பாய்தானே?

கொப்பியை மூடியிருக்கலாம். நீயும் மிஸ்ஸும் எனக்கு அந்த வழியை விட்டுத்தான் வைச்சிருந்தனீங்கள். என்னாலதான் ஏலாமல் போச்சு. கொம்மாவின்ர முகத்தைப் பார்த்து, அக்கா, நான் கிணத்துத் தண்ணி ஊத்தினனான், எண்ணெல்லாம் இருந்த இடத்தில இருந்து போட்டனான் எண்டு சொன்னன்.

கொம்மா கத்தேல்லை. சீலைத்தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி விரிச்சா.

"அவள் அந்தமுறை பஸ் ஏறமுதல் இரண்டு நாள் சாப்பிடேல்லை" எண்டா. "தன்ர கையில பிழையெண்டு."

அதுக்குப் பிறகு பதினொரு நாள் என்னோட கதைக்கேல்லை. பதினொண்டுதான் குஞ்சு, கூட்டேல்லை, குறைக்கேல்லை. வேலிக்கு அங்கால அவா முற்றம் கூட்டுற சத்தம் மட்டும் கேக்கும்.

அண்டைக்கு மிஸ் போகேக்க ஒண்டு சொல்லிப்போட்டுப் போனவா. பிழைச்சது தர்சினியின்ர கலவை எண்டு இனிச் சொல்ல ஏலாது, சரிவந்தது எண்டும் சொல்ல ஏலாது, திரும்பச் செய்தால்தான் தெரியும். அவள் தன்ர கையால கலந்தது ஏதும் மிச்சம் இருக்கோ எண்டு கேட்டா.

இருந்துது. என்ர அலுமாரிக்குள்ள, சாமிப்படத்துக்குக் கீழ. நீ சொன்னதில இருந்து ஒருநாள் விடாமல் விடிய எழும்பி விளக்குக் கொளுத்தினதும் அதை எடுத்துக் குலுக்குவன். நூறுதரம். சரி, அறுபது. அடியில வெள்ளையா இறங்கினது எழும்பி, போத்தல் முழுக்கப் பாலாப் போகும். அது எழும்பேக்க நீ எங்கயோ எழும்பி முகம் கழுவுற மாதிரி எனக்கு இருக்கும். அதை ஊத்தச் சொன்னால்?

மிஸ்ஸுக்கு மறுமொழி சொல்ல என்னால ஏலேல்லை. கொம்மாவிட்டக் கேக்கவும் வாயில்லை. பன்னிரண்டாம் நாள் கொம்மாவே படலையைத் திறந்துகொண்டு வந்தா. நான் போத்தலைக் கையில வைச்சுக்கொண்டு நிண்டனான். வாங்கி, நீ ஒட்டின எழுத்தை விரலால தடவினா.

"ஊத்து" எண்டா. "போத்தலுக்குள்ள கிடக்கவோ அவள் இதைச் செய்தவள்?"

மிஸ் போத்தலைக் கம்பஸுக்குக் கொண்டுபோய், சத்தத்தால அதிரவைச்சுக் கட்டி உடைக்கிற ஏதோ ஒரு மிசினில வைச்சு எடுத்துத் தந்தா. கையால குலுக்கினது உதவிச்சுதோ மிஸ் எண்டு கேட்டன். பரவாயில்லை எண்டா. உனக்கும் அவவுக்கும் ஒரே சொல்லுத்தான்.

இந்தச் சித்திரையில திரும்பவும் உழவு. றேடியேற்றரை மூண்டுதரம் பற்றறித் தண்ணியால அலசினன். கிளிப்பெல்லாம் புதுசு. முதல் கிழமை பொடி கலக்காத பற்றறித் தண்ணி. பிறகு உன்ர போத்தலை, நீ சொன்ன அளவுக்குப் பற்றறித் தண்ணியில கலந்து, மெதுவா ஊத்தினன். கொம்மா குடை பிடிச்சுக்கொண்டு வரம்பில நிண்டவா. கடைசிச் சொட்டுக்கும் பற்றறித் தண்ணி விட்டு அலசி ஊத்தினன். போத்தல் கண்ணாடியாப் போச்சு.

அதே நடேசண்ணையின்ர வயல். மணித்தியாலத்துக்கு ஒருக்கால் நிப்பாட்டினன். வரம்பில நிண்டவை பகிடி பண்ணினவை. நிக்காத மிசினுக்கு என்ன வருத்தம் எண்டு கேட்டவை. நான் வெப்பமானியைப் பார்த்து, கொப்பியைப் பார்த்து, திரும்ப வெப்பமானியைப் பார்த்து எழுதினன். என்ர சீவியத்தில இவ்வளவு மெதுவா நான் எதையும் எழுதினதில்லை.

இரண்டு கிழமைக் கணக்கையும் மிஸ் கூட்டிப் பிரிச்சுப் பார்த்துச் சொன்னா. மேல்குழாயில பச்சைத் தண்ணிக்கு எண்பத்தொன்பது, உன்ர தண்ணிக்கு எண்பத்தேழு. இரண்டு பாகை. பிறகு திறந்துவிட்டுப் பார்த்தம், கட்டி ஒண்டும் இல்லை. பால் மாதிரியே வந்துது. கொம்மா பேசினுக்குள்ள விரலை விட்டுத் தேய்ச்சுப் பார்த்தா, நீ தேய்ச்ச மாதிரியே. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிட்டா.

உன்ர கை பிழைக்கேல்லை, குஞ்சு. பிழைச்சது என்ர வாய்.

இதை வைச்சு முடிவு கட்ட ஏலாதாம், ஒரு மிசின், ஒரு போகம் காணாதாம். மிஸ் உன்ர செய்முறையைப் பார்த்து வேறை போத்தல்கள் கலந்து அனுப்பியிருக்கிறா. ஆனால் வயலில செய்த பகுதியை இனி விடமாட்டினமாம். உன்ர பேரில போகுமாம்.

கணக்குத் தெரிஞ்ச அண்டைக்குத் தேத்தண்ணிக்கடைக்குப் போனன். கடை நிறைய ஆக்கள். நடேசண்ணை தேத்தண்ணியை ஆத்திக்கொண்டு, என்னப்பா, மருமகளின்ர தண்ணி எத்தினை பாகை இறக்கிச்சுது எண்டு கேட்டார். எல்லாரும் என்ர வாயைப் பார்க்கினம். இருபது எண்டு சொல்ல நாக்கு எழும்பினது உண்மை. உன்னட்ட மறைக்கேல்லை.

"இரண்டு" எண்டன்.

நடேசண்ணை கிளாசை எனக்கு முன்னால வைச்சுப்போட்டுச் சொன்னார்.

"உன்ர வாயால இரண்டோ? அப்ப அந்தப் பிள்ளை உண்மையாத்தான் ஏதோ செய்திருக்கிறாள்."

நான் உன்னைப் பற்றி எவ்வளவோ பெரிய பெரிய கதையெல்லாம் அந்தக் கடையில சொல்லியிருக்கிறன். ஒண்டையும் ஆரும் நம்பேல்லை எண்டு அண்டைக்குத்தான் தெரிஞ்சுது. இந்தச் சின்னன் ஒண்டை நம்பிச்சினம்.

வெறும்போத்தல் இப்பவும் அலுமாரிக்குள்ள, அதே இடத்திலதான் இருக்கு. விடிய விளக்குக் கொளுத்தினதும் கை தானாப் போகுது. எடுத்தால் பாரமில்லை. குலுக்க ஒண்டுமில்லை. கொஞ்சநேரம் வைச்சுக்கொண்டு நிண்டுபோட்டு திரும்ப வைக்கிறன். உனக்கு அங்க ஆர் மறுத்துக் கதைக்கினம்? நீ ஆரைத் திருத்துறாய்?

ஆவணியில அறுவடை. மிசின் நெல்லு மூட்டை ஏத்தின இழுவைப்பெட்டியை இழுக்கேக்க இன்னும் கூடச் சூடேறும். மிஸ் அனுப்பின போத்தல் வந்திட்டுது, பற்றறித் தண்ணிக் கானை இருக்கைக்குப் பின்னால கயித்தால கட்டியிருக்கிறன். ஆர் வரம்பில நிண்டாலும், ஆரின்ர தண்ணி முறை போனாலும், மணித்தியாலத்துக்கு ஒருக்கால் மிசின் நிக்கும். இரண்டு எண்டால் இரண்டு. ஒண்டுமில்லை எண்டால் ஒண்டுமில்லை. பிழை எண்டால் பிழையெண்டே எழுதுவன், ராசாத்தி. கொப்பி கொம்மாவின்ர அலுமாரியில இருக்கும். நீ வந்து பார்க்கிற மாதிரியே நினைச்சு எழுதுவன்.

அது வான்தான்.

கிணத்துத் தண்ணி ஊத்தின,
உன்ர தாய்மாமன்.